ஆயிரத்து நூறு மீட்டர்

நாக்பூருக்கும் கொருக்குப்பேட்டைக்கும் ஆகாச வழியில் தொள்ளாயிரத்து மூன்று கிலோமீட்டர். ரயிலில் போனால் ஆயிரத்துத் தொண்ணூறுக்குப் பக்கம். ரயில் சுற்றிக்கொண்டு போகும், புறா நேராக வரும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சண்டை இந்தத் தூரத்தைப் பற்றி இல்லை. என் வீட்டு மொட்டைமாடிக்கும் எங்கள் புறா சங்கத்துக் கடிகாரத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் சங்கத்துக்கும் எனக்கும் இரண்டு வருடமாகத் தகராறு.

என் பெயர் செங்கொடி. மணலி ரோட்டில் ஒரு வே பிரிட்ஜில் வேலை. லாரியை எடை போட்டு, எடையும் நேரமும் அச்சான சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க டிரைவர்களோடு கத்திக் கத்தி என் தொண்டையே ஹாரன் ஆகிவிட்டது என்று வரதன் சொல்வார். வரதன் என் வீட்டுக்காரர், கூட்ஸ் ஷெட்டில் மேஸ்திரி. புறா வளர்க்க ஆரம்பித்தவர் அவர்தான். ஆறே மாதத்தில் அவருக்கு அலுத்துவிட்டது, எனக்குப் பிடித்துக்கொண்டது. ஹவுசிங் போர்டு மாடியில் மரப்பெட்டிகளை அடுக்கி எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்புகிற ஹோமர் புறா முப்பத்திரண்டு வைத்திருக்கிறேன். எச்சம் விழுகிறது என்று மூன்றாவது மாடிக்காரி வாரத்துக்கு ஒரு தரம் சண்டைக்கு வருவாள். நானும் சளைத்தவள் இல்லை. தினமும் விடியற்காலை மாடியைக் கழுவித் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன், அதனால் அவள் பாச்சா என்னிடம் பலிக்காது.

பந்தயம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சங்கத்தில் ஒவ்வொரு புறாவின் காலிலும் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். வளையத்தின் உட்பக்கம் ஒரு எண் இருக்கும். கழற்றினால்தான் அந்த எண் தெரியும். எந்தப் புறாவுக்கு எந்த எண் என்கிற பட்டியலை உறையில் போட்டு அரக்கு வைத்துவிடுவார்கள். குணசேகரன் என்கிற சங்கத்து ஆள் கூடைகளோடு ரயிலேறி நாக்பூர் போய், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திறந்துவிடுவார். புறா அவரவர் மாடியில் வந்து இறங்கும். வளையத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடிகாரத்துக்கு ஓட வேண்டும். கடிகாரத்துக்குள் வளையத்தைப் போட்டுச் சாவியைத் திருகினால் நேரம் பதியும். தூரத்தை அந்த நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் போடுவார்கள்.

சங்கத்துக்கு இருந்தது ஒரே கடிகாரம். அது தண்டையார்பேட்டையில், செயலாளர் அருள்பிரகாசம் வீட்டுக் கூடத்தில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து யானைக்கவுனியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பொய் பேசமாட்டார். எதையும் எழுதித்தான் கொடுப்பார், எழுதியதை மாற்றமாட்டார். அதுதான் பேஜாரே.

ஆள் ஓடுகிற நேரத்தைக் கழித்துக்கொள்ள சங்கத்தில் ஒரு விதி உண்டு. புறாக்காரர்களுக்குத் தூரம் என்றாலே ஆகாச தூரம்தான். மேப்பை விரித்து, ஸ்கேலை வைத்து, நேராக ஒரு கோடு. நாக்பூருக்கும் அப்படித்தான், விஜயவாடாவுக்கும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் மனுஷர் ஓடுகிற தூரத்தையும் இந்தப் புத்திசாலிகள் அப்படியே அளந்துவிட்டார்கள். என் மாடியிலிருந்து கடிகாரம் வரை ஆயிரத்து நூறு மீட்டர், ஐந்தரை நிமிடம் கழிப்பு. அந்தக் கோடு எங்கே போகிறது தெரியுமா? நாலாவது மாடியில் ஆரம்பித்து, ஒரு குடோன் கூரை மேலே, பதினோரு தண்டவாளம் மேலே, ஒரு கம்பெனிச் சுவர் மேலே போகிறது. நான் படியிறங்கி, சந்து சுற்றி, ரயில்வே கேட் தாண்டி, மெயின் ரோடு பிடித்துப் போனால் இரண்டேகால் கிலோமீட்டர். அதுவும் கேட் திறந்திருந்தால். கொருக்குப்பேட்டை கேட் திறந்திருந்து பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பேர்தான். மேலே ஏறித் தாண்டிப் போக அப்போது பாலமும் கிடையாது.

கூட்டத்தில் எழுந்து கேட்டேன். சங்கத்தில் நான் ஒருத்திதான் பொம்பளை. எழுந்து நின்றாலே நாலு பேர் சிரிக்கத் தயாராக இருப்பார்கள்.

"இன்னா சார் இது? புறா பறக்குது, நீங்க கோடு போட்டு அளக்குறீங்கோ, செரி. நானு இன்னா ரெக்க கட்டிகினா வரேன்? என்ன எதுக்கு கோடு போட்டு அளக்குற?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதாம்மா செங்கொடி" என்றார் அருள்பிரகாசம். "மேப்புல ஸ்கேல வச்சு அளந்தது. ஒனக்குன்னு தனியா அளந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கல்லா?"

"அந்த மேப்புல கேட்டு கீதா சார்?"

"கேட்டெல்லாம் மேப்புல எப்படிம்மா வரும்?"

ராயபுரத்து கிருஷ்ணப்பன், கமிட்டிக்காரர், வெற்றிலை வாயோடு சொன்னார்: "அப்போ உன் புறாவ நேரா இந்தக் கடியாரத்து மேலயே வந்து குந்தச் சொல்லும்மா. ஓடுற வேலையே இல்ல."

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சரி, கடிகாரத்தை ஒரு வருடம் கேட்டுக்கு எங்கள் பக்கம் வையுங்கள் என்றேன். வியாசர்பாடி தமீம் பாய் இருக்கிறார், நான் இருக்கிறேன், இன்னும் நாலு பேர் இருக்கிறோம். "அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் எப்படி..." என்று யாரோ ஆரம்பித்து, பாதியில் இருமி நிறுத்திக்கொண்டார்கள். இருமினால் எனக்குப் புரியாதா? அந்தப் பக்கத்து ஆளின் புறா காலில் மட்டும் இவர்கள் கையால் வளையம் மாட்டலாம், கடிகாரம் மட்டும் அங்கே வரக்கூடாது. தூ!

வளையத்தை உறுப்பினர்தான் கொண்டுவர வேண்டும், கை மாறக்கூடாது என்று இன்னொரு விதி. எப்போதோ எவனோ கை மாற்றி ஏமாற்றிவிட்டானாம். இல்லையென்றால் வரதனை கேட்டுக்கு அந்தாண்டை நிறுத்தி, வளையத்தை எறிந்து வேலையை முடித்திருப்பேன்.

ஜனவரியில் வாரங்கல் பந்தயம். புறா வந்துவிட்டது. கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றது. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குனிந்து வேகனுக்கு அடியில் புகுந்தேன். நடுவில் இருக்கும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. என் தலைக்கு மேலே இரும்பு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே கடைசி வேகன் வரைக்கும் போனது. நான் அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன். வண்டி நாலடி நகர்ந்து நின்றது. என் முந்தானை சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து ஓடினேன். கடிகாரத்தில் வளையத்தைப் போட்டேன். இரண்டாவது இடம் என்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

கிழிந்த புடவையை வரதனிடமிருந்து மறைக்க முடியவில்லை.

"நீ பூட்டா முப்பத்திரண்டு புறாவுக்கும் எவன் தீனி வைப்பான்? நானா?" என்று கத்தினார். அப்புறம் மூலையில் குந்திக்கொண்டு அழுதார். இருபது வருடத்தில் அந்த ஆள் அழுது நான் பார்த்ததில்லை.

"வுடுய்யா. இனிமே அடில பூந்து போவமாட்டேன்" என்றேன்.

அவருக்காக மட்டும் சொல்லவில்லை. என் புறா அந்த ரயிலுக்கு மேலே நேராகப் பறந்து வருகிறது. அதற்குத் தீனி போட்ட நான் அதே ரயிலுக்கு அடியில் தவழ்ந்து போவதா? முடியாது. தோற்றாலும் நின்றுகொண்டே தோற்பேன் என்று முடிவு செய்தேன்.

ஆனால் நாக்பூர் பந்தயம் வந்தபோது அந்த முடிவு கசந்தது. ஏனென்றால் நாக்பூரிலிருந்து விட்ட புறா எங்கள் சங்கத்தில் ஒருநாளும் அதே நாளில் வந்ததில்லை. பதினோரு வருடமாக இல்லை. மறுநாள் வந்தாலே கில்லாடிப் புறா. மூன்றாம் நாள் வருவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்குக் கடிகாரத்தை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். மறுபடி திங்கள் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆறரைக்குள் ஒரு வளையம் விழுந்தால் அது சங்கத்தின் முதல் 'அதே நாள்' புறா. அதில் என் மிளகின் பெயர் வர வேண்டும் என்று எனக்கு வெறி. மிளகு என் பெட்டை. சாம்பல் உடம்பில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி. இரண்டு வருடமாக அவளை கூடூர், ஓங்கோல், வாரங்கல் என்று படிப்படியாக விட்டுப் பழக்கியிருந்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் மார்ச் ஏழாம் தேதி. காலை ஆறு இருபதுக்குத் திறந்துவிட்டதாக நாக்பூரிலிருந்து குணசேகரன் போன் செய்து சொல்லிவிட்டார். கேட்டை ஒட்டி எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிற பச்சையம்மா அக்காவுக்கு அருள்பிரகாசம் தகவல் சொல்ல, அக்கா ஆள் அனுப்பி எனக்குச் சொன்னாள். அன்றைக்கு வாடைக்காற்று விடாமல் அடித்தது. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் தெற்குப் பக்கமே இழுத்துக்கொண்டு கிடந்தது. மத்தியானத்திலிருந்தே நான் மாடியை விட்டு இறங்கவில்லை.

"இன்னிக்கு வராதுடி. சொம்மா வெயில்ல நின்னுகினு மண்டைய பொளந்துக்காத" என்றார் வரதன். சொல்லிவிட்டு அவரும் பக்கத்திலேயே நின்றார்.

மீஞ்சூர்ப் பக்கம் வானத்தில் ஒரு புள்ளி. பருந்து என்று நினைத்தேன். பருந்து வட்டம் போடும், இது வட்டம் போடவில்லை. இறக்கையை மடக்கிக்கொண்டு நேராக எங்கள் மாடியைப் பார்த்து விழுந்தது. பெட்டி வாசலில் இரண்டு தரம் தடுமாறி உள்ளே போனது. மிளகு!

"யோவ், டைம் பாரு, டைம் பாரு!" என்று கத்தினேன். வரதன் கீழே ஓடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு நாப்பத்தேழு" என்று அங்கிருந்தே கூவினார். அவளைக் கையில் எடுத்தேன். தினமும் டன் கணக்கில் எடை போடுகிறவள் நான், என் உள்ளங்கையில் அவளுக்கு எடையே இல்லை. வெள்ளிக்கிழமை போனதில் பாதிதான் திரும்பி வந்திருந்தது. நெஞ்சு மட்டும் திக்குத்திக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. வளையத்தைக் கழற்றிப் புரட்டினேன். நானூற்றுப் பதினேழு. அவளைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் படிகளில் இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

கேட் மூடியிருந்தது. பெட்ரோல் டேங்கர் வண்டி ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நின்றது. சைக்கிளைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு ஆட்கள் அடியில் புகுந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பொம்பளை இடுப்பில் குழந்தையோடு புகுந்தாள்.

"போக்கா, இது இப்போதிக்கு நவுறாது. அல்லாரும் போறாங்கோ பாரு" என்றான் ஒருத்தன்.

பொய் சொல்லமாட்டேன். என் முதுகு பாதி வளைந்துவிட்டது. கை சரளைக் கல்லைத் தொட்டுவிட்டது. அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடினால் கடிகாரம். பதினோரு வருடத்தில் முதல் புறா, என் புறா! எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆனால் அந்த இரும்புச் சத்தம் மறுபடி காதுக்குள் வந்தது, மூலையில் குந்தி அழுத வரதன் முகமும் வந்தது. அதற்கும் மேலே ஒரு கோபம் வந்தது. புறா அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. இனிமேல் இருப்பது இவர்கள் ஸ்கேல் போட்ட கோடு. இந்தக் கோட்டுக்காக நான் ஏன் சக்கரத்தடியில் படுக்க வேண்டும்? நிமிர்ந்து நின்று, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பச்சையம்மா அக்கா பூத்துக்குள் நுழைந்தேன்.

"அக்கா, செக்ரட்டரி வூட்டுக்குப் போடு. ஜல்தி."

அருள்பிரகாசமே எடுத்தார்.

"சார், செங்கொடி பேசறேன். நாக்பூர் புறா வந்துட்ச்சு."

"யாரு புறா? இன்னைக்கேவா? வெளையாடாதம்மா."

"மொளகு சார். வளையம் கைல கீது. நம்பர் எழுதிக்கோ. நாநூத்திப் பதினேழு."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "சரி, கொண்டா" என்றார்.

"கேட்டு மூடிக் கீது சார், கூட்சு குறுக்க நிக்குது. நீ கடியாரத்த எடுத்துகினு அந்தாண்ட கேட்டாண்ட வந்து நில்லு. வண்டி நவுந்த நிமிசம் வளையத்த போட்டுர்றேன்."

"கடிகாரத்த எடத்த விட்டு நவுத்தக்கூடாதும்மா. ரூல் அப்படி. ஆறரைக்கு மூடிருவேன், அதுக்குள்ள வந்துரு."

வைத்துவிட்டார். மெஷின் கிர்ரென்று பில்லைத் துப்பியது. போன் செய்த நம்பர், தேதி, நேரம். பதினேழு ஐம்பத்திரண்டு. நானும் தினம் சீட்டுக் கிழிக்கிறவள்தானே, அச்சான நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளையம் கையில் வியர்த்தது. ஆறு மணி ஆனது. ஆறேகால் ஆனது. பச்சையம்மா அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் கீழே வைத்தேன். ஆறு இருபத்தொன்பதுக்கு டேங்கர் வண்டியின் கடைசிப் பெட்டி நகர்ந்து கேட் திறந்தது. கடிகாரம் மட்டும் அந்தக் கேட்டோரம் வந்திருந்தால் ஒரு நிமிடம் மிச்சம் இருந்திருக்கும். ஓடினேன். நான் படியேறும்போது அருள்பிரகாசம் வீட்டுக் கூடத்தில் ஆறு நாற்பத்தொன்று. கடிகாரத்தின் மேல் அரக்கு காய்ந்திருந்தது.

"மூடியாச்சும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "காலையில ஆறு மணிக்குத் தெறப்பேன். அப்போ வந்து போடு."

எதற்கெடுத்தாலும் கத்துகிற நான் அன்றைக்குக் கத்தவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் அவர் முன்னால் வளையத்தைப் போட்டேன். அப்புறம் எட்டு மணிக்குமேல்தான் மற்றவர்கள் புறா ஒவ்வொன்றாக வந்தது. தமீம் பாயுடையது இரண்டாவது.

அடுத்த ஞாயிறு அதே கூடத்தில் பரிசு விழா. சோறு, சாம்பார், வடை, அப்பளம் என்று பின்கட்டில் தடபுடல். மேஜை மேல் கப். ரிசல்ட் தாளை அருள்பிரகாசம் கணீரென்று படித்தார்.

"முதல் இடம், மிளகு, உரிமையாளர் செங்கொடி, கொருக்குப்பேட்டை. தூரம் தொள்ளாயிரத்து மூணு கிலோமீட்டர். வந்து சேர்ந்தது மார்ச் எட்டாந்தேதி காலை ஆறு மணி. ஓட்டக் கழிப்பு போக வேகம் நிமிஷத்துக்கு அறுநூத்தி முப்பத்தெட்டு மீட்டர்."

கைதட்டல். நான் எழுந்து போனேன். கப்பை எடுத்து நீட்டினார்கள். நான் கை நீட்டவில்லை.

"சார், என் புறா அன்னிக்கு ராத்திரி என் வூட்ல தூங்கிகினு இருந்துச்சு. நீ எழுதிக் கீற கணக்குல அது விடிய விடிய பறந்துகினு கீது. இந்த உடான்ஸுக்கு எனக்கு கப்பு வாணாம்."

"கப்பே உனக்குத்தானே குடுக்கறாங்கோ? அப்பால இன்னாம்மா ரப்சர் பண்ற?" என்றார் கிருஷ்ணப்பன்.

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பில்லை எடுத்து மேஜை மேல் விரித்தேன். "சார், நானு போன் பண்ணனா இல்லியா?"

"பண்ணுன."

"நம்பர் சொன்னனா?"

"சொன்ன."

"லிஸ்ட எப்போ பிரிச்சு பாத்த?"

அருள்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பொய் சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். "நீ போனை வச்ச ஒடனே" என்றார். "அரக்க ஒடச்சுப் பாத்தேன். நானூத்திப் பதினேழு, மிளகு, பெட்டைன்னு இருந்துச்சு."



"அப்போ அஞ்சு அம்பத்தி மூணுக்கே உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுகினேதான் ஆறரைக்கு மூடுன."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் நெஞ்சு வெடித்தது. தெரியாமல் மூடியிருந்தால் மன்னித்திருப்பேன். வந்துவிட்டது என்று தெரிந்து, அதன் பெயரைத் தாளில் பார்த்துவிட்டு, முப்பத்தேழு நிமிடம் அந்த மனிதர் இந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கேட்டில் நான் நிற்பது தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார்.

அவரைக் காப்பாற்றுகிற மாதிரி கிருஷ்ணப்பன்தான் வாயைத் திறந்தார். "புறா வந்துட்டா ஆச்சாம்மா? ஆளும் வரணும். புறா பறக்கறது, ஆளு ஓடறது, ரெண்டும் சேந்ததுதான் பந்தயம்."

"சபாஷ்!" என்றேன். "இத்தத்தான் உன் வாயால கேக்கணும்னு நெனச்சேன் கிருஷ்ணப்பன் சார். ரெண்டும் பந்தயம்னா ரெண்டையும் எழுது. புறாவ கோடு போட்டு அளந்தீங்கோ, என்னையும் கோடு போட்டு அளந்தீங்கோ. அதுக்கு ஒரு லைன் போட்டா மாதிரி எனக்கும் ஒரு லைன் போடு. நானும் இந்த சங்கத்துப் புறாதானே?"

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். தமீம் பாய் பின்னாலிருந்து, "எதுக்குய்யா சிரிக்கிற? அது கேக்குறது ஞாயந்தானே? எழுதச் சொல்லு" என்றார். சிரிப்பு நின்றது.

அருள்பிரகாசம் பில்லைக் கையில் எடுத்து அதிலிருந்த நேரத்தைப் படித்தார். அப்புறம் பழைய ரிசல்ட் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புதிதாக ஒரு தாளை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

"நீ சொல்லும்மா" என்றார்.

"அஞ்சு நாப்பத்தேழுக்கு வந்துச்சு. ஆனா அதுக்கு எங்க ரெண்டு பேரத் தவுர சாட்சி இல்ல. போனாப் போவுது, அஞ்சு நிமிசத்த உங்களுக்கே வுட்டுத் தரேன். பில்லுல கீற டைமையே போடு."

அவர் மேஜையில் கால்குலேட்டரைத் தட்டினார், நான் மனதுக்குள் தட்டினேன். இருவருக்கும் ஒரே விடை வந்தது. அழகான எழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் சத்தமாகப் படியுங்கள் என்றேன். படித்தார்.

"மிளகு. நாக்பூரிலிருந்து கொருக்குப்பேட்டை. தூரம் தொள்ளாயிரத்து மூணு கிலோமீட்டர். நேரம் பதினோரு மணி முப்பத்திரண்டு நிமிஷம். அதே நாள். வேகம் நிமிஷத்துக்கு ஆயிரத்து முந்நூத்தி அஞ்சு மீட்டர்."

நிறுத்தினார். 

"அடுத்ததும் படி சார்."

"செங்கொடி. கொருக்குப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை. தூரம், சங்கத்து மேப்பின்படி, ஆயிரத்து நூறு மீட்டர். நேரம் நாப்பத்தொம்பது நிமிஷம். வேகம் நிமிஷத்துக்கு இருபத்திரண்டு மீட்டர்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிருஷ்ணப்பன் வெற்றிலையைத் துப்ப எழுந்து வெளியே போய்விட்டார்.

"கீழ கையெழுத்துப் போடு சார்."

போட்டார். சங்கத்து முத்திரையையும் தானாகவே எடுத்து வைத்தார். "இதை என்னம்மா செய்யப் போற?" என்று கேட்டார்.

"ரிசல்ட்ட இன்னா பண்ணுவாங்க? செவுத்துல ஒட்டுவாங்க."

"பசை இல்லையே."

நான் பின்கட்டுக்குப் போய், விருந்துக்கு வடித்திருந்த சோற்றிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன். தாளின் நாலு மூலையிலும் நசுக்கித் தடவி, வாசலில் நுழைகிற எவனும் பார்க்கிற மாதிரி, கடிகாரத்துக்கு நேர் மேலே நானே ஒட்டினேன்.